ஊருக்குச் சொந்தமான மலைகள்: நாகாலாந்து

காடு என்றால் அரசின் சொத்து, அதைக் காப்பது வனத்துறையின் வேலை என்று எண்ணிப் பழகியவர்களுக்கு நாகாலாந்தில் முதலில் விளங்க வேண்டியது நில உரிமைதான். அந்த மாநிலத்துக் காடுகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு ஊருக்கோ, குலத்துக்கோ, தனிக் குடும்பங்களுக்கோ சொந்தமானது. அரசின் கையில் இருப்பது சொற்பம். அரசியலமைப்புச் சட்டத்தின் 13-ஆவது திருத்தம் 1962-இல் கொண்டுவந்த 371ஏ பிரிவின்படி, நாகர்களின் சமயம், சமூக வழக்கங்கள், மரபுச் சட்டம், அதன் வழி வழங்கப்படும் நீதி, நிலம், நிலத்தின் வளங்கள் ஆகியவை குறித்து நாடாளுமன்றம் இயற்றும் எந்தச் சட்டமும், மாநிலச் சட்டமன்றம் தீர்மானம் போட்டு ஏற்றுக்கொள்ளாதவரை அங்கே செல்லாது. நாகாலாந்தைப் பற்றிச் சொல்லப்படும் வியப்பான செய்திகள் பலவற்றையும், அதன் போர்களையும் பறவைகளையும் சண்டை சச்சரவுகளையும், இந்த ஒரு பிரிவை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் அவை ஒன்றோடொன்று பொருந்தி வருகின்றன என்பது என் எண்ணம்.

அளவில் அது சிறிய மாநிலம். பரப்பு 16,579 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை இருபது இலட்சத்துக்கும் சற்றுக் குறைவு. இந்திய ஒன்றியத்தின் 16-ஆவது மாநிலமாக 1963 டிசம்பர் 1 அன்று உருவானது. அங்காமி, ஆவோ, லோத்தா, சூமி, கொன்யாக், சாகேசாங், போம், சாங், ரெங்மா, சங்தம் எனப் பல இனங்கள் அங்கே வாழ்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி மொழி உண்டு, ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியாது. ஆகவே சந்தையிலும் பேருந்திலும் அசாமியத்தை அடியாகக் கொண்டு வளர்ந்த நாகாமிஸ் மொழியில் பேசிக்கொள்கிறார்கள். அலுவல் மொழி ஆங்கிலம். ஊர்கள் பெரும்பாலும் பள்ளத்தாக்கில் இல்லை, மலை முகட்டில் இருக்கின்றன. பகைவர் வருவதைத் தொலைவிலேயே பார்த்துவிட வேண்டும் என்ற பழைய தேவை தீர்ந்த பிறகும் ஊர்கள் இறங்கி வரவில்லை.

மாநிலத் தலைநகர் கோகிமாவிலிருந்து மேற்கே இருபது கிலோமீட்டர் தொலைவில் உள்ள கோனோமா அப்படிப்பட்ட ஓர் ஊர். மெர்ஹுமா, செமோமா, தெவோமா என்னும் மூன்று குலப் பிரிவுகள் வாழும் இந்த அங்காமி ஊர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் படைகளோடு பலமுறை மோதியது. 1879 அக்டோபரில் நாகா மலைகளின் அரசியல் அதிகாரியாக இருந்த டாமண்ட் அந்த ஊரின் வாயிலில் சுட்டுக் கொல்லப்பட்டார்; அதைத் தொடர்ந்து கோகிமாவில் இருந்த பிரிட்டிஷ் முகாமை நாகர்கள் முற்றுகையிட்டார்கள். நவம்பரில் பெரும்படை ஒன்று கோனோமாவைத் தாக்கி ஊரை அழித்தது. ஊர் மக்கள் அதற்கும் மேலே இருந்த மலைக்குப் பின்வாங்கி, மறு ஆண்டு மார்ச் மாதம் உடன்பாடு ஏற்படும் வரை சண்டையிட்டார்கள். நாகர் தேசிய இயக்கத்தின் தலைவர் அங்காமி சாபு பிஸோவும் இந்த ஊர்க்காரர்தான். செதுக்கிய பழைய மரவாயில்களும், கல் அடுக்கி வட்டமாக எழுப்பிய ஊர்க்கூட்ட மேடைகளும் இன்றும் அங்கே உள்ளன.

ஆனால் கோனோமாவில் என்னை அதிக நேரம் நிற்க வைத்தவை கோட்டைகளோ வாயில்களோ அல்ல, ஆல்டர் மரங்கள். வடகிழக்கு மலைகளில் காட்டை வெட்டி எரித்து ஓரிரு ஆண்டு பயிரிட்டு, பிறகு நிலத்தைத் தரிசாக விட்டு நகரும் ஜூம் சாகுபடி பரவலானது. மண் தேறிவர முன்பெல்லாம் பத்து ஆண்டுகளுக்கு மேல் விட்டுவைப்பார்கள். கோனோமா விவசாயிகள் ஆல்டர் மரத்தை வேரோடு அகற்றுவதில்லை. ஆள் உயரத்துக்குச் சற்று மேலே தலையை மட்டும் வெட்டிவிட்டு, வெட்டுவாய் காய்ந்துவிடாமல் மண் பூசி அதன் மேல் கல் வைக்கிறார்கள். மரத்தின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்ப்பதால், இரண்டு ஆண்டு பயிர் எடுத்த நிலம் சில ஆண்டுகளிலேயே மீண்டும் பயிருக்குத் தயாராகிறது. வெட்டிய இடத்தில் கிளைக்கும் தளிர்களில் சிலவற்றை மட்டும் வளரவிட்டு, அடுத்த சுற்றில் அவற்றை விறகுக்கு வெட்டிக்கொள்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக வெட்டுப்பட்டு வெட்டுப்பட்டு, ஒவ்வொரு மரத்தின் உச்சியும் முண்டும் முடிச்சுமாகப் பருத்துக் கிடக்கிறது. கருத்துப் பிளந்த அந்த முண்டுகளின் மேல் விரல் பருமனில் பச்சைத் தளிர்கள் நிமிர்ந்து நிற்பதையும், அடியில் சோளமும் கிழங்கும் ஒரே பாத்தியில் வளர்ந்திருப்பதையும் பார்க்கும்போது, ஆய்வுக்கூடம் எதுவும் இல்லாமல் மண்ணறிவு எவ்வளவு தூரம் போக முடியும் என்பது கண்ணெதிரே தெரிகிறது.

பேக் மாவட்டத்தின் கிக்ருமா ஊரிலும் இதற்கு இணையான ஓர் ஏற்பாடு உண்டு. ஜாபோ என்று அழைக்கப்படும் அந்த முறையில், மலையுச்சிக் காட்டைத் தொடாமல் விட்டுவைத்து, அங்கிருந்து வழியும் மழைநீரை நடுச்சரிவில் குளங்களில் தேக்குகிறார்கள். பாய்ச்சும் நீரைக் கால்நடைப் பட்டிகளின் வழியே திருப்பிவிட்டு, எருவோடு சேர்த்துக் கீழே உள்ள நெல் வயல்களுக்குக் கொண்டு செல்கிறார்கள். ஆறில்லாத ஊர் நெல் விளைவிப்பது இப்படித்தான்.

நிலத்தில் விளைந்ததை என்ன செய்தார்கள் என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. பழைய நாகர் சமூகத்தில் செல்வந்தன் தன் களஞ்சியத்து நெல்லையும் தன் மிதுன் மாடுகளையும் கொண்டு ஊர் முழுவதற்கும் விருந்து வைத்தால்தான் அவனுக்கு மதிப்பு. அப்படி விருந்து வைத்தவன் குறிப்பிட்ட சால்வையைப் போர்த்திக்கொள்ளவும், வீட்டு முகப்பில் மரக்கொம்புகள் பொருத்தவும், தன் பெயரால் கல் நடவும் உரிமை பெற்றான். ஆவோ இனத்தின் சுங்கோதெப்சு சால்வையைக் கையில் எடுத்துப் பார்த்தால், சிவப்பும் கருநீலமுமான பட்டைகளுக்கு நடுவே ஒரு வெள்ளைப் பட்டை ஓடுவதையும், அதில் கறுப்பு மையால் மிதுன், யானை, புலி, சேவல், மனிதத் தலை ஆகியவை வரையப்பட்டிருப்பதையும் காணலாம். நெய்பவர்கள் பெண்கள், மரப்பாலோடு இலைச் சாம்பலையும் அரிசிக் கள்ளையும் கலந்து, மூங்கில் சிம்பால் வரைபவர்கள் ஆண்கள். பகைவரின் தலை கொண்டவனோ, மிதுன் பலியிட்டு விருந்து வைத்தவனோ மட்டுமே அதைப் போர்த்தலாம் என்ற விதி இருந்த காலம் அது. சேர்த்த செல்வத்தை ஊருக்கே திருப்பிக் கொடுத்தால்தான் பெருமை என்று வகுத்த சமூகத்தை, தலைவெட்டிகள் என்ற ஒற்றை அடையாளத்துக்குள் அடைத்துவிட்டதில் எனக்கு ஆழ்ந்த வருத்தம் உண்டு.

தலை கொள்ளும் வழக்கம் இருந்தது உண்மை. 1872-இல் அமெரிக்க பாப்டிஸ்ட் போதகர் எட்வின் கிளார்க் ஆவோ பகுதிக்கு வந்ததிலிருந்து பரவிய கிறித்தவமும், ஆட்சியாளர்களின் தடையும் சேர்ந்து அதை ஒழித்தன. இன்று மக்களில் பத்துக்கு ஒன்பது பேர் அளவுக்குக் கிறித்தவர்கள். மியான்மர் எல்லையில் மோன் மாவட்டத்துக் கொன்யாக் ஊர்களில், முகத்தில் பச்சை குத்திய முதியவர்கள் ஒரு சிலரே இன்னும் இருக்கிறார்கள். சுற்றுலாப் பயணிகளின் கேமராக்கள் அவர்களை விட்டு நகர்வதில்லை. அதே மாவட்டத்தின் லோங்வா ஊரில் ஆங் எனப்படும் தலைவரின் வீட்டுக்கு நடுவிலேயே பன்னாட்டு எல்லைக்கோடு செல்கிறது. கோட்டை வரைந்தவர்கள் ஊரைக் கேட்டு வரையவில்லை. ஊரும் கோட்டைப் பார்த்து இரண்டாகவில்லை. 2024 அக்டோபரில் இங்கிலாந்தில் ஒரு ஏல நிறுவனம் நாகர் ஒருவரின் மண்டையோட்டை விற்பனைக்கு வைத்தபோது நாகாலாந்தே கொதித்தெழுந்தது. எதிர்ப்புக்குப் பிறகு அது ஏலத்திலிருந்து விலக்கப்பட்டது. ஆக்ஸ்ஃபோர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்தில் காலனிய அதிகாரிகள் எடுத்துச் சென்ற ஆயிரக்கணக்கான நாகர் பொருள்கள் உள்ளன. அவற்றோடு போன மூதாதையரின் எலும்புகளை ஊருக்குக் கொண்டுவரும் முயற்சியில் நாகர்கள் இப்போது ஈடுபட்டிருக்கிறார்கள்.

கோகிமா நகரின் நடுவே உள்ள போர்க் கல்லறை, ஊரைக் கேட்காமல் நடந்த இன்னொன்றின் சாட்சி. 1944 ஏப்ரல் 4 முதல் ஜூன் 22 வரை நடந்த கோகிமாப் போரில், ஜெனரல் சாட்டோவின் தலைமையில் வந்த ஜப்பானின் 31-ஆவது டிவிஷனை, தொடக்கத்தில் மிகச் சிறிய படையொன்று இந்த மலைமுகட்டில் தடுத்து நின்றது. துணை ஆணையர் பாசியின் பங்களாவும், அதன் பின்னால் இருந்த டென்னிஸ் மைதானமும் போரின் முன்வரிசையாயின. மைதானத்தின் ஒரு பக்கத்தில் இந்திய, பிரிட்டிஷ் வீரர்களும் மறு பக்கத்தில் ஜப்பானியரும் பதுங்குகுழி வெட்டிக்கொண்டு, கையெறி குண்டு வீசும் தூரத்தில் வாரக்கணக்கில் சண்டையிட்டார்கள். ஏப்ரல் மூன்றாவது வாரத்தில் உதவிப்படை வந்து சேர்ந்த பிறகும் அந்தச் சிறு தளத்தை மீட்க மே நடுப்பகுதி ஆயிற்று. உணவும் தளவாடமும் வந்து சேராத நிலையில், மேலிட ஆணையையும் மீறிச் சாட்டோ தம் படையைத் திருப்பி நடத்தினார். இம்பாலிலும் கோகிமாவிலுமாக ஜப்பானியர் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை இறப்பாலும் காயத்தாலும் இழந்தார்கள், பலரைக் கொன்றவை பசியும் நோயும்.

இன்று அங்கே 1,420 கல்லறைகள் படிப்படியாக இறங்குகின்றன. எரியூட்டப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களுக்கு மேல்தளத்தில் தனி நினைவகம் உண்டு. டென்னிஸ் மைதானத்தின் வெள்ளைக் கோடுகளைத் தரையில் பதித்து வைத்திருக்கிறார்கள். ஒரு கோட்டிலிருந்து எதிர்க்கோட்டுக்கு நடந்து பார்த்தால், இரண்டு படைகளுக்கும் இடையே இருந்த தூரம் காலடிக் கணக்கில் புரிந்துவிடுகிறது. பக்கத்திலேயே, ஜப்பானியத் துப்பாக்கி வீரர்கள் மறைந்திருந்து சுட்ட செர்ரி மரத்தின் அடிக்கட்டையிலிருந்து துளிர்த்து வளர்ந்த மரம் நிற்கிறது. ‘உங்கள் நாளைக்காக எங்கள் இன்றைத் தந்தோம்’ என்று பொருள்படும் புகழ்பெற்ற வாசகமும் இங்குள்ள பிரிட்டிஷ் இரண்டாவது டிவிஷனின் நினைவுத்தூணில்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது. நான் இங்கே வலியுறுத்த விரும்புவது இன்னொரு செய்தியை. காயமடைந்தவர்களைத் தோளில் சுமந்தவர்கள், வழி காட்டியவர்கள், உளவு சொன்னவர்கள், வீடும் களஞ்சியமும் எரிந்து நின்றவர்கள் நாகர்கள். படைத்தலைவர்கள் தம் நினைவுக் குறிப்புகளில் அவர்களைப் பாராட்டியிருக்கிறார்கள், ஆனால் சண்டைக்கு முன் அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

1929-இலேயே சைமன் குழுவிடம், தங்களைத் தங்கள் போக்கில் விட்டுவிடுமாறு நாகா கிளப் மனு கொடுத்திருந்தது. 1947 ஆகஸ்ட் 14 அன்று நாகா தேசிய கவுன்சில் விடுதலையை அறிவித்தது. பிறகு வந்த பல பத்தாண்டு ஆயுத மோதலில் ஊர்கள் எரிந்தன; ஆயுதப்படை சிறப்பு அதிகாரச் சட்டம் 1958-இல் முதலில் இயற்றப்பட்டதே இந்த மலைகளை முன்னிட்டுத்தான். 2021 டிசம்பர் 4 அன்று மோன் மாவட்டத்தின் ஓட்டிங் அருகே, நிலக்கரிச் சுரங்க வேலை முடித்து வீடு திரும்பிய தொழிலாளர்களை இராணுவத்தினர் சுட்டுக் கொன்றதும், தொடர்ந்து மேலும் பொதுமக்கள் இறந்ததும் அந்தக் காயத்தைப் புதிதாக்கின. நாகாலாந்தைச் சுற்றுலாத் தலமாக மட்டும் எழுதுவது நேர்மையாகாது.

இவ்வளவையும் சொன்ன பிறகே அமூர் வல்லூறுகளின் கதைக்கு வருகிறேன். ஊர் முடிவெடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. ஏறத்தாழ 150 கிராம் எடையே உள்ள இந்தப் பறவை, சைபீரியாவின் கிழக்குப் பகுதியிலும் வட சீனாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தென் ஆப்பிரிக்கப் புல்வெளிகளுக்குச் செல்கிறது. போகும் வழியில் அரபிக்கடலை ஒரே மூச்சில் கடக்க வேண்டியிருப்பதால், அக்டோபர், நவம்பர் மாதங்களில் வடகிழக்கு இந்தியாவில் தங்கி, மழைக்குப் பின் கிளம்பும் ஈசல்களை உண்டு கொழுப்பு சேர்த்துக்கொள்கிறது. வோகா மாவட்டத்தில் டோயாங் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட நீர்மின் அணையின் நீர்த்தேக்கத்தையொட்டி, பாங்டி ஊர்க் காட்டில், அவை இலட்சக்கணக்கில் அடைகின்றன. அந்த நீர்த்தேக்கத்தில்தான் பாங்டி மக்களின் நல்ல விளைநிலங்கள் மூழ்கின; விவசாயம் போனவர்கள் மீன்பிடிக்கத் தொடங்கினார்கள், பிறகு அதே மீன்வலைகளை மரங்களுக்கு இடையே கட்டினார்கள். 2012 இலையுதிர் காலத்தில், உச்சத்தில் நாளொன்றுக்கு 12,000 முதல் 14,000 பறவைகள் வரை வலையில் சிக்கிக் கொல்லப்பட்டதாகக் களஆய்வு செய்தவர்கள் மதிப்பிட்டார்கள். நாகாலாந்தின் பத்திரிகையாளர் பானோ ஹராலுவும் அவருடன் சென்ற காட்டுயிர் ஆர்வலர்களும் எடுத்த காட்சிகள் உலகெங்கும் அதிர்ச்சியை எழுப்பின.

மறு ஆண்டு, 2013-இல், பாங்டியில் ஒரு வல்லூறுகூடக் கொல்லப்படவில்லை. வேட்டைத் தடைச் சட்டம் அதற்கு முன்பும் இருந்தது. அது ஒரு வலையையும் இறக்கவில்லை. கிராமக் கவுன்சில் கூடி, வலை விரிப்பவருக்கு அபராதம் என்று தீர்மானம் போட்டது. தேவாலயத்தில் அதைப் பற்றிப் பேசினார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பறவை மன்றங்கள் தொடங்கினார்கள். முன்பு வலை கட்டியவர்களே காவலுக்கு நின்றார்கள். வருமானத்தை இழந்தவர்கள் ஏழைக் குடும்பங்கள் என்பதையும், அதற்கு ஈடாக வந்த சுற்றுலா வருவாய் எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. அந்த நவம்பரில் இந்தியக் காட்டுயிர் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மூன்று பறவைகளின் முதுகில் ஐந்து கிராம் எடையுள்ள செயற்கைக்கோள் கருவிகளைப் பொருத்தி, அவற்றுக்கு நாகா, வோகா, பாங்டி என்று பெயரிட்டார்கள். நாகா என்ற பறவை ஏறத்தாழ 5,600 கிலோமீட்டரை ஐந்தரை நாட்களுக்குள் பறந்து ஆப்பிரிக்கக் கரையை அடைந்தது. தம் ஊர்ப் பெயரைத் தாங்கிய பறவை எந்த நாட்டில் இருக்கிறது, எப்போது திரும்பும் என்று விசாரிப்பவர்கள், அதை மீண்டும் சட்டிக்கு அனுப்ப மாட்டார்கள்.

பாங்டிக்கு முன்பே கோனோமா அந்த வழியில் போயிருந்தது. மாநிலப் பறவையான பிளைத் டிராகோபான் என்னும் சிவந்த கழுத்துக் காட்டுக்கோழி வேட்டையால் அருகிவந்ததைக் கண்ட ஊர் மக்கள், 1998-இல் தம் காட்டில் ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டரைச் சரணாலயமாக்கி வேட்டையை நிறுத்தினார்கள். கிபிரே மாவட்டத்தில், சாராமதி சிகரத்தின் அடிவாரத்துத் தானாமிர் ஊர்க் காட்டில் பொருத்திய தானியங்கிக் கேமராக்களில், 3,700 மீட்டர் உயரத்தில் படைச்சிறுத்தை பதிவானது. அந்த விலங்கு அவ்வளவு உயரத்தில் காணப்படுவது அரிது. அந்தக் காடும் ஊர்க்காடுதான், தேசியப் பூங்கா அல்ல.

செல்ல விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். இந்தியக் குடிமக்களுக்கும் இன்னர் லைன் பெர்மிட் என்னும் நுழைவு அனுமதிச் சீட்டு தேவை; 1873-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டத்தின் எச்சமான அதை இணையத்திலேயே பெறலாம். திமாப்பூர் வரை ரயிலிலோ விமானத்திலோ போய், அங்கிருந்து கோகிமாவுக்கு மலைச்சாலையில் ஏற வேண்டும். டிசம்பர் முதல் பத்து நாட்கள் கிசாமாவில் நடக்கும் இருவாச்சித் திருவிழாவில் எல்லா இனங்களையும் ஒரே இடத்தில் காணலாம். 2000-இல் தொடங்கிய அந்த விழா கூட்டம் மிகுந்தது. அமைதியாகப் பார்க்க நினைப்பவர்கள் வல்லூறுகளுக்காக அக்டோபர் கடைசியிலோ, சூகோ பள்ளத்தாக்கின் லில்லி மலர்களுக்காக மழைக்காலத்திலோ, காட்டுப்பூவரசுகள் பூக்கும் வசந்தத்திலோ போவது நல்லது என்பேன். அகூனி என்ற நொதித்த சோயாவும் ராஜ மிளகாயும் சேர்த்துச் சமைத்த புகையிட்ட பன்றிக்கறியை உண்ணத் துணிபவர்கள், மிளகாயை மட்டும் விளிம்பிலிருந்து தொடங்கட்டும்.

ஊராட்சியின் சிறப்பைப் பேசிவிட்டு அதன் பெருங்குறையைப் பேசாமல் விடுவது முறையல்ல. ஊர் முடிவெடுக்கிறது என்றால், பெரும்பாலும் ஆண்கள் முடிவெடுக்கிறார்கள் என்றே பொருள். மரபுச் சட்டப்படி குலத்து நிலம் மகனுக்குப் போகும், மகளுக்குப் போகாது. 1984-இல் தொடங்கிய நாகா அன்னையர் சங்கம், இரத்தம் சிந்தியது போதும் என்று ஆயுதக் குழுக்களிடமும் அரசிடமும் மன்றாடி அமைதிக்கு வழி வகுத்தது. அந்தப் பெண்களுக்கே உள்ளாட்சியில் இடம் தர மறுக்கப்பட்டபோது, காட்டப்பட்ட காரணம் அதே 371ஏ பிரிவு. நகராட்சிகளில் பெண்களுக்கு 33 சதவீத இடஒதுக்கீடு என்றதற்காக 2017 தொடக்கத்தில் கலவரம் வெடித்து, இளைஞர் இருவர் இறந்து, முதலமைச்சரே பதவி விலகினார். மாநிலம் உருவாகி அறுபது ஆண்டு ஆகும் தறுவாயில், 2023-இல்தான் ஹெகானி ஜகாலு, சல்ஹவ்துவோனுவோ குரூஸ் என்ற இரு பெண்கள் முதன்முறையாகச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். குரூஸ் மேற்கு அங்காமி தொகுதியில் வென்றது ஏழே வாக்கு வித்தியாசத்தில். உச்ச நீதிமன்றத்தின் அழுத்தத்துக்குப் பிறகு புதிய சட்டம் வந்து, 2024 ஜூனில் 33 சதவீத இடஒதுக்கீட்டோடு நகர்ப்புறத் தேர்தலும் நடந்தது. ஊர் வளர்ச்சி வாரியங்களில் நான்கில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு உண்டு. ஆனால் காட்டையும் நீரையும் வேட்டையையும் பற்றித் தீர்மானம் போடும் கிராமக் கவுன்சில்களுக்கு அத்தகைய விதி கிடையாது. ஆல்டர் நிலத்தில் களை எடுப்பவர்களிலும், சால்வை நெய்பவர்களிலும், கோகிமாச் சந்தையில் கடை விரிப்பவர்களிலும் பெரும்பாலோர் பெண்களாக இருக்கும்போது, அடுத்து அவர்களுக்கு இடம் தர வேண்டியவை அந்தக் கவுன்சில்கள்தான்.